வெல்டிங் வைத்தும் கிழியும் காது: டிராக்டர் கருவி இணைப்பு பற்றிய கேள்வி பதில்

ஒன்பது கொத்துக் (மண்ணைக் கிளறும் கால்) கலப்பையில், டிராக்டரின் கீழ் லிங்க் (கருவியைப் பிடித்து இழுக்கும் கீழ்க் கை) மாட்டும் காதுத் தகடு வெல்டிங் ஓரமாகக் கிழிகிறது. மூன்று முறை ஒட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் வெல்டிங் அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் தகடு விடுகிறது. இன்னும் தடிமனான தகடு போட்டால் நிற்குமா?

தடிமன் கூட்டினால் கொஞ்ச நாள் கூடுதலாக நிற்கும். கிழிவது நிற்காது. உங்கள் காது இழுவையால் அறுந்து போகவில்லை. கம்பியை இங்கும் அங்கும் மடக்கி உடைப்போமே, அந்த மாதிரி பக்கவாட்டில் மடங்கி மடங்கித்தான் உடைகிறது.

பல கலப்பைகளில் ஒரே ஒரு தகட்டில் ஹிட்ச் பின்னை (இணைப்பு ஆணியை) நட்டுப் போட்டு முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் லிங்க் முனையில் உள்ள துளையுள்ள பந்தை மாட்டுகிறார்கள். பந்தின் நடுப்பகுதி தகட்டு முகத்திலிருந்து சுமார் 30 மி.மீ. தள்ளி நிற்கும். ஒரு பக்கம் 1000 கிலோ இழுவை வந்தால் பின்னின் அடியில் 30,000 கிலோ-மி.மீ. மடக்கு விசை ஏறுகிறது. 22 மி.மீ. பின்னில் இது சதுர மி.மீ.க்குச் சுமார் 29 கிலோ அழுத்தம். சாதாரண மைல்டு ஸ்டீல் 25 கிலோவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். பின் நல்ல இரும்பாக இருந்து தாங்கிக்கொண்டாலும், அதே மடக்கு விசை அப்படியே தகட்டுக்குப் போய், தகடு சட்டத்தில் சேரும் இடத்தை முறுக்குகிறது. வெல்டிங் முடியும் ஓரத்தில் வடிவம் சட்டென்று மாறுகிறது, சூட்டில் இரும்பின் தன்மையும் மாறியிருக்கிறது. ஆகவே விரிசல் அங்கேதான் பிறக்கும். மேலே மேலே ஒட்டுவது அந்த ஓரத்தைச் சில மி.மீ. நகர்த்தி வைக்கிற வேலைதான்.

இதற்குச் சரியான வழி இரட்டைக் காது. பந்தின் இரு பக்கமும் தகடு இருந்து, பின் இரண்டையும் ஊடுருவிப் போக வேண்டும். 12 மி.மீ. தகடு இரண்டு, நடுவே 60 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அதே 1000 கிலோவுக்குப் பின்னில் வரும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 17 கிலோவாகக் குறையும். அதைவிடப் பெரிய லாபம் தகட்டுக்கு. பக்கவாட்டில் மடக்கும் விசை ஏறக்குறைய போய்விடுகிறது, நேர் இழுவை மட்டுமே மிஞ்சுகிறது. பக்கத்துக்கு 500 கிலோ நேர் இழுவை 12 மி.மீ. தகட்டுக்கு ஒரு பொருட்டே அல்ல.

செய்முறை இது. முதலில் கலப்பையைத் தரையில் கட்டை மேல் உறுதியாக நிறுத்துங்கள். டிராக்டர் ஹைட்ராலிக்கில் தூக்கி வைத்த கருவிக்கு அடியில் படுத்து வேலை செய்யவே கூடாது. பழைய காதை அறுப்பதற்கு முன் மூன்று அளவுகளை எழுதி வைக்க வேண்டும்: இடது, வலது இணைப்புப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், சட்டத்திலிருந்து பின் எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரம். அறுத்த பிறகு யாரும் நினைவிலிருந்து சரியாகச் சொன்னதில்லை.

பழைய வெல்டிங் முழுவதையும் கிரைண்டரால் எடுத்து, அடியில் உள்ள சட்டத்தைப் பளபளப்பாக்கிப் பாருங்கள். விரிசல் சட்டத்துக்குள்ளும் ஓடியிருந்தால், அதன் நுனியைச் சற்றே தாண்டி 6 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். பிறகு விரிசல் நெடுக 'வி' வடிவில் குழி எடுத்து, அடிவரை நிரப்பி ஒட்ட வேண்டும். விரிசலை மேலே மூடிவிட்டு அதன் மேல் தகடு போடுவது, உள்ளே நோயை வைத்துத் தைப்பது போலத்தான்.

புதுத் தகட்டில் துளையின் மையத்திலிருந்து ஓரம் வரை, பின்னின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். 22 மி.மீ. பின்னுக்கு 45 மி.மீ. என்று வையுங்கள். இரண்டு தகட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்து, 22.5 மி.மீ. துளையை டிரில்லில் ஒரே முறையில் போடுங்கள். கேஸ் கட்டிங்கில் போட்ட துளை வேண்டாம். அதன் விளிம்பு கடினப்பட்டு, பல் பல்லாக இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு விரிசலின் தொடக்கம்.

பொருத்தும்போது இரு பக்கத்து நான்கு தகடுகளையும் ஒரே நீளக் கம்பியில் கோத்து நிறுத்திவிட்டால் துளைகள் ஒரே கோட்டில் நிற்கும். தகடுகளுக்கு இடையில் 60 மி.மீ. நீளப் பைப் துண்டை வைத்துப் போல்ட்டால் இறுக்குங்கள், இல்லாவிட்டால் வெல்டிங் ஆறும்போது வாய் குறுகி, பந்து நுழையாது. தகட்டின் ஒட்டும் விளிம்பை 45 பாகைச் சரிவாகச் செதுக்கி, எல்லா இடத்திலும் முதலில் புள்ளி வைத்து, அளவை மறுபடி பார்த்த பிறகே முழுதாக ஒட்டத் தொடங்க வேண்டும். இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். வெல்டிங் இரு தகட்டின் மேலும் படியும் அகலம் 8 மி.மீ. வரட்டும். தகட்டின் மூலையில் வெல்டிங்கை நிறுத்தாமல், மூலையைச் சுற்றிக்கொண்டு போய் முடியுங்கள். நிறுத்தும் இடத்தில் விழும் சிறு குழியிலிருந்துதான் பல விரிசல்கள் கிளம்புகின்றன.

காது சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டியிருக்கக் கூடாது. முன் முகத்தோடு மேல் முகத்தையோ அடி முகத்தையோ பிடிக்கும்படி தகட்டை வெட்டுங்கள். சட்டம் ஆங்கிள் இரும்பாக இருந்தால், அதன் முதுகு மூலையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஆங்கிளின் நுனி விளிம்பில் ஒட்டினால் ஆங்கிளே திருகிக்கொள்ளும். கடைசியாக, ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள இரட்டைக் காதின் இரு தகடுகளுடைய பின்புறத்தையும் 8 மி.மீ. தகட்டால் இணைத்துப் பெட்டி போல் மூடிவிடுங்கள், லிங்க் கை மேலும் கீழும் அசையும்போது இடிக்காத அளவு இடம் விட்டு. திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசையை அந்தப் பெட்டிதான் தாங்கும்.

துளை முட்டை வடிவமாகிவிட்டது. வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளை போட்டால் போதுமா?

போதாது. நிரப்பிய இரும்பு ஒரு சீராக இருக்காது. டிரில்லும் மெத்தென்ற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். துளையை வட்டமாகப் பெரிதாக்கி, உள்விட்டம் 22.5, வெளிவிட்டம் 36 மி.மீ. அளவில் கடைந்த புஷ் (துளைக்குள் செருகும் உருளை வளையம்) ஒன்றை இறுக்கமாக அடித்து, இரு முகத்திலும் சுற்றி ஒட்டுங்கள். புஷ் தகட்டை விட இரு பக்கமும் 3 மி.மீ. நீண்டிருந்தால், பந்து உராய்வது புஷ்ஷோடு நிற்கும், தகடு தேயாது. ஆனால் புஷ் போடுமுன் தகட்டின் அகலத்தைப் பாருங்கள். 36 மி.மீ. துளை போட்ட பிறகு இரு ஓரத்திலும் 25 மி.மீ. மிஞ்சாவிட்டால், தகட்டையே மாற்றுவது நல்லது.

கடைசல் வசதி இல்லாதபோது, 65 மி.மீ. வெளிவிட்டம், 10 மி.மீ. தடிமன் உள்ள வளையத் தகட்டைத் துளைக்குச் சுற்றிலும் முகத்தில் ஒட்டலாம். வளையத்தின் வெளி விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். உள் விளிம்பில் ஒட்டினால் பின் நுழையும் பரப்பு கெட்டுப்போகும்.

துளை ஏன் முட்டையானது என்பதையும் பாருங்கள். மரையுள்ள நீளப் போல்ட்டைப் பின்னாகப் போட்டிருந்தால் மரைப்பகுதி அரம் போலத் துளையை அறுத்திருக்கும். கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடுவதும் அப்படித்தான், அதன் வரிகள் துளையையும் தின்னும், பந்தையும் தின்னும்.

ரோட்டவேட்டரின் மாஸ்ட் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தூக்கிக்கொண்டு பாதையில் போகும்போது ஆடுகிறது. எங்கே முட்டுக் கொடுப்பது?

டாப் லிங்க் (டிராக்டரிலிருந்து கருவிக்கு வரும் மேல் கை) மாட்டும் நிமிர்ந்த சட்டமான மாஸ்ட்டுக்கு எதிரெதிரான இரண்டு வேலைகள். மண்ணில் உழுது இழுக்கும் கருவி ஓடும்போது டாப் லிங்க் பெரும்பாலும் மாஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தூக்கியவுடன் அதே டாப் லிங்க் மாஸ்ட்டை முன்னுக்கு இழுக்கிறது. கருவியின் முழு எடையும் கீழ்ப் பின்களைச் சுற்றிப் பின்னால் கவிழப் பார்க்க, அதைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு லிங்க்தான்.

400 கிலோ கருவி, அதன் எடை மையம் கீழ்ப் பின்களிலிருந்து 600 மி.மீ. பின்னால், மாஸ்ட் உயரம் 460 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 600-ஆல் பெருக்கி 460-ஆல் வகுத்தால் 522 கிலோ. நிற்கும்போதே மாஸ்ட்டின் உச்சியில் இவ்வளவு இழுவை இருக்கிறது. மேடு பள்ளத்தில் குதித்தால் இது இரண்டு மடங்கை எளிதில் தாண்டும். உங்கள் மாஸ்ட் பாதையில்தான் வளைந்திருக்கிறது, வயலில் அல்ல என்று முன்பக்கச் சாய்வே சொல்கிறது.

ஆகவே முட்டு, மாஸ்ட்டின் உச்சியிலிருந்து கருவியின் பின் சட்டத்துக்குச் சாய்வாகப் போக வேண்டும். மாஸ்ட்டின் அடியில் முக்கோணத் தகடு வைப்பது கண்ணுக்குப் பலமாகத் தெரியும். ஆனால் வளைவது முக்கோணம் முடியும் இடத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். முட்டுக்குப் பட்டைக் கம்பி பயன்படாது. இழுவையைத் தாங்கும் பட்டை, எதிர்த் திசையில் தள்ளும்போது வில்லாக வளைந்துவிடும். 50×50×6 மி.மீ. ஆங்கிளோ தடித்த சுவருள்ள பைப்போ போடுங்கள். பைப்பின் முனையைச் சம்மட்டியால் தட்டித் தட்டையாக்கித் துளை போடுவது பழக்கத்தில் இருக்கிறது. தட்டையாகும் மடிப்பிலேயே அது விரிசல் விடும். முனையில் நீளப் பிளவு வெட்டி, 10 மி.மீ. தகட்டைச் செருகி ஒட்டி, அந்தத் தகட்டில் துளை போடுங்கள்.

பின் சட்டத்தில் முட்டு வந்து சேரும் இடமும் முக்கியம். மெல்லிய மேல்மூடித் தகட்டின் நடுவில் ஒட்டாதீர்கள். குறுக்குச் சட்டத்தின் மேல் நேராக இறங்க வேண்டும்.

இரண்டு மாஸ்ட் தகடுகளுக்கு இடையிலான வாய், டாப் லிங்க் பந்தை விடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். அதிகம் இருந்தால் பந்து ஒரு பக்கம் ஒதுங்கி, ஒரே தகட்டின் மேல் பாரம் ஏறும். இரு பக்கமும் சமமாக வாஷர் அல்லது பைப் துண்டு போட்டுப் பந்தை நடுவில் நிறுத்துங்கள்.

எந்த வெல்டிங் ராடு? ஹிட்ச் பின்னைக் காதோடு சேர்த்து ஒட்டிவிட்டால் ஆட்டம் இருக்காதே?

காது, மாஸ்ட் போன்ற இடங்களுக்கு 7018 ராடு. 6013 சுலபமாக ஓடும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அதிர்வும் குலுக்கலும் உள்ள தடித்த இணைப்புக்கு, விரிசலை எதிர்ப்பதில் 7018-தான் மேல். 3.15 மி.மீ. ராடுக்கு 100 முதல் 130 ஆம்பியர், டி.சி. மெஷினில் ராடைப் பாசிட்டிவில் மாட்டி, தீப்பொறியைக் குட்டையாகப் பிடித்து ஓட்ட வேண்டும். ஈரம் பட்ட 7018 ராடு அதன் பயனையே இழந்துவிடும். திறந்து கிடந்த ராடை 300 முதல் 350 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரமாவது அடுப்பில் உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் போதாது. பழைய ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் சிலவற்றில் 7018 சரியாகப் பற்றாது. அப்போது 6013-ஐயே எடுத்து, விளிம்பை நன்றாகச் செதுக்கி, மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வோர் அடுக்கிலும் கசடைச் சுரண்டி ஒட்டுங்கள்.

ஒட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தானாக ஆற வேண்டும். சட்டென்று குளிர்ந்த இரும்பு கடினப்பட்டுக் கண்ணாடித் தன்மை அடைகிறது.

பின்னை ஒட்டாதீர்கள். நல்ல பின் இ.என்.8 போன்ற நடுத்தரக் கார்பன் இரும்பில், சூடுபடுத்திப் பதமேற்றிச் செய்யப்படுகிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, ஒட்டின் ஓரத்தில் உடையும்படி ஆக்கும். பின் தேய்ந்தால் மாற்றக்கூடிய பொருளாகவே இருக்கட்டும். சுற்றாமல் நிற்க வேண்டுமானால், பின்னின் தலையில் ஒரு பட்டையைச் சேர்த்து, காதில் சிறு போல்ட்டால் பிடியுங்கள்.

போல்ட் போட்ட இணைப்புகளுக்கு, தலையில் 8.8 என்று குறித்திருப்பதைப் போடுங்கள். 16 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 200 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 80 முறுக்கு. மரை தகட்டுத் துளைக்குள் வராத நீளமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரிய டிராக்டர் வாங்கியிருக்கிறேன். லிங்க் பந்துத் துளை 28 மி.மீ., பழைய கலப்பையின் பின் 22 மி.மீ. துளையைப் பெரிதாக்கிவிடலாமா?

டிராக்டர் இணைப்பு அளவுகளில் இரண்டும் வெவ்வேறு வகைகள். முதல் வகையில் கீழ்ப் பின் 22, மேல் பின் 19 மி.மீ., கீழ்ப் புள்ளிகளின் இடைவெளி 683, மாஸ்ட் உயரம் 460 மி.மீ. இரண்டாம் வகையில் இவை அதே வரிசையில் 28, 25, 825, 610. ஆகவே மாறுவது துளை மட்டும் அல்ல.

கலப்பை சிறியது, இழுவை பழையபடிதான் என்றால், 22 உள்விட்டமும் 28 வெளிவிட்டமும் உள்ள புஷ்ஷைப் பின்னில் மாட்டினால் போதும். புஷ் இல்லாமல் அப்படியே ஓட்டினால் 6 மி.மீ. ஆட்டம் ஒவ்வோர் அதிர்விலும் சுத்தியல் அடியாக விழும். லிங்க் கைகள் உள்பக்கம் சேர்ந்து நிற்பதால், கைகளின் பக்க ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் செக் செயினையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கலப்பையையும் கடுமையாக வேலை வாங்கப் போகிறீர்கள் என்றால், காதுகளைப் புதிதாக 825 இடைவெளியில் 28 மி.மீ. பின்னுக்குப் போடுங்கள். மடக்கு விசையைத் தாங்குவதில் 28 மி.மீ. பின் 22-ஐப் போல் இரண்டு மடங்கு வலுவானது. மாஸ்ட்டையும் 610-க்கு உயர்த்தினால், முன்சொன்ன கணக்கில் வந்த 522 கிலோ இழுவை 393 ஆகக் குறையும். பழைய தகட்டில் துளையை மட்டும் 28 ஆக்குவது வேண்டாம், ஓரத்தில் இரும்பு மிஞ்சாது.

காதை முன்பின் திசையில் நகர்த்தாதீர்கள். டிராக்டரின் தூக்கும் திறன், பந்துகளிலிருந்து 610 மி.மீ. பின்னால் அளந்து சொல்லப்படுவது. கருவி பின்னுக்குப் போகப் போகத் தூக்கும் திறன் குறையும், முன் சக்கரம் இலேசாகும். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் உள்ள கருவியானால், ஷாஃப்டின் இரு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளமும் குறைந்துவிடும்.

காதைப் பலப்படுத்தியாயிற்று. இப்போது டிராக்டரின் லிங்க் கை வளைகிறது. என்ன தவறு?

காதில் தவறில்லை. வரும் அடி முன்பு காதை உடைத்தது, இப்போது அடுத்த இளைத்த இடத்தைத் தேடிப் போகிறது. அடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். லிங்க் கையை விட வலுவான காது உங்களுக்கு நஷ்டமே.

முதலில் கொத்துகளின் ஸ்பிரிங். கொத்து ஆடக் கூடாது என்று நட்டை இறுக்கிச் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்படி வைத்திருந்தால், கல்லில் இடிக்கும்போது கொத்து பின்வாங்க முடியாது. முழு அடியும் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஹிட்ச்சுக்கு வரும். கொத்து தடையைத் தாண்டும் அளவுக்குச் சுருள்களுக்கு இடையே இடம் விடுங்கள். பாரம் மிஞ்சினால் தானே உடையும் போல்ட் வைத்த கருவியில், அடிக்கடி உடைகிறதே என்று வலுவான போல்ட் போட்டிருந்தாலும் இதே கதிதான். தயாரிப்பாளர் சொன்ன தரத்தையே திரும்பப் போடுங்கள்.

அடுத்தது திருப்பம். கொத்து மண்ணில் இருக்க ஸ்டியரிங்கை ஒடித்தால், கருவி முழுவதும் நெம்புகோலாகி லிங்க் கையைப் பக்கவாட்டில் மடக்குகிறது. கொத்தை இறக்கியபடி பின்னோக்கி எடுப்பது இதைவிடக் கெடுதல். வரப்போரத்தில் தூக்கிய பிறகே திரும்ப வேண்டும்.

பிறகு செக் செயின். உழும்போது கலப்பைக்குச் சில செ.மீ. பக்க ஆட்டம் தேவை, தூக்கியதும் இறுகி நிற்க வேண்டும். முழுக்கத் தளர்ந்திருந்தால் கருவி ஊஞ்சலாடி, செயினின் கடைசியில் வந்து அடிக்கும். சமதளத்தில் நிறுத்தி, இரண்டு கீழ் லிங்க்குகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றும் அளந்து பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் பாரத்தின் பெரும்பங்கு ஒரே கைக்குப் போகும்.

ரோட்டவேட்டரை டிராக்டரில் மாட்டியபடியே ஒட்டலாமா?

கழற்றி ஒட்டுவதே நல்லது. முடியாதபோது பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எலக்ட்ரானிக் கண்ட்ரோல் உள்ள டிராக்டரில் அதற்கான பிளக்கையும் சேர்த்து. எர்த் கிளாம்பை ஒட்டும் தகட்டிலேயே, பெயிண்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் ரோட்டார் பேரிங், கியர்பாக்ஸ் வழியாகப் போய், உருளைகளில் பொட்டுப் பொட்டாகப் பள்ளம் விழும். சில வாரத்தில் பேரிங் இரையும், யாரும் வெல்டிங்கைச் சந்தேகிக்க மாட்டார்கள். மூடிய பைப்பில் ஒட்டுமுன் ஒரு சிறு துளை போட்டுக் காற்று வெளியேற வழி விடுங்கள்.

ஒட்டியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறிய பிறகு கசடை நீக்கி, கம்பிப் பிரஷ்ஷால் துடைத்து, விளிம்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டின் ஓரம் அரித்துப் பள்ளமாகியிருந்தால் அங்கே மறுபடி நிரப்பிச் சமப்படுத்த வேண்டும். விரிசல் சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் நின்ற எண்ணெய் கோடாக ஊறி வெளியே தெரியும். இதை முடித்த பிறகே பெயிண்ட்.

முதல் ஒரு மணி நேர வேலைக்குப் பின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள், பத்து மணி நேரத்துக்குப் பின் இன்னொரு முறை. காதின் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தாலோ, அங்கே துருநீர் கோடாக வழிந்திருந்தாலோ, அன்றே கழற்றிப் பாருங்கள். அந்த நிலையில் ஒரு கிரைண்டர் வெட்டும் இரண்டு ராடும் போதும்.